உடங்காட்டு உடை: ஒரு முள்மரத்தின் வரலாறு

இன்றைக்கு ராஜா கதை இல்லை, போர் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஒரு முள்மரத்தின் வரலாறு. சிரிக்காதீங்க. இந்த மரத்துக்கு இருக்கிற வழக்கும் வம்பும் பல ஜமீன்களுக்குக்கூட கிடையாது.

இடம் சாத்தான்குளம். தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் திருநெல்வேலி. பேச்சும் சாப்பாடும் இன்றைக்கும் திருநெல்வேலிதான். 2020-க்குப் பிறகு வெளியூரில் இந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது, ஏன் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னாலும் "என்னது, சாத்தானா?" என்று கேட்டவர்கள் உண்டு. இது பைபிள் சாத்தான் இல்லைங்க. சாத்தன் என்பது ஐயனாருக்கும், பழைய காலத்து வணிகர்களுக்கும் வழங்கிய நல்ல தமிழ்ப் பெயர். பக்கத்திலேயே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் ஐயனார் உட்கார்ந்திருக்கிறார். அந்த சாமியின் பெயரிலும் ஒரு வேல் இருக்கிறது. அது முருகன் கையில் இருக்கும் வேல் இல்லை, மரம் என்றுதான் கோயில் கதை சொல்லும் பெரியவர்கள் சொல்வார்கள்: மரத்திலிருந்து வெளிப்பட்ட சாமி. முள்மரத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எங்கே இருக்கிறது?

நிலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி தண்ணீர் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் வரைக்கும் நெல்லையும் வாழையையும் வெற்றிலையையும் வளர்த்துவிட்டு புன்னக்காயலில் கடலுக்குப் போய்விடும். அங்கேயிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வந்தால் உலகமே வேறு. செக்கச் செவேலென்று மணல். தேரி என்பார்கள். இரும்புச் சத்து மணல் பருக்கையில் படிந்து வந்த சிவப்பு அது. குதிரைமொழித் தேரியில் நின்று பார்த்தால் பாலைவனப் படத்துக்கு செட் போட்ட மாதிரி இருக்கும், நிறைய பேர் அங்கே படமும் எடுத்திருக்கிறார்கள். ஆனியிலும் ஆடியிலும் மேல்காத்து மலையிடுக்கு வழியாக வந்து இந்த மணலை அள்ளி வீசும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழை நிழலில் இருக்கிற பூமி இது. மாவட்டத்துச் சராசரி மழை ஆண்டுக்கு 650 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதமெல்லாம் வெயில்.

இந்த மணலில் தானாக நின்று பிழைக்கிற மரங்கள் ரொம்பக் கொஞ்சம். ஒன்று பனை. அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். இடையன்குடியில் 1841-லிருந்து இருந்த கால்டுவெல் பனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். கருப்பட்டி கொடுக்கிற மரத்துக்குப் புகழ் இருக்கத்தானே செய்யும். இன்னொன்று, பனைக்குக் காலடியிலும் வேலியிலும் தருசிலும் நின்றுகொண்டு, அதிகம் யாரும் பாட்டில் வைக்காத மரம். உடை. ஏட்டுத் தமிழில் குடைவேல்.

எப்படி இருக்கும்? ஆப்பிரிக்காவைப் பற்றிய எந்த டாக்குமெண்டரியை எடுத்தாலும், சிங்கம் படுத்திருக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மரம் தெரியும் பாருங்க, உச்சியை யாரோ அரிவாளால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக, விரித்த குடை மாதிரி. அதே உருவம். ஆனால் இது அந்த இனம் இல்லை. அது ஆப்பிரிக்காவின் உறவுக்காரன். நம் உடை தென்னிந்தியாவின் வறண்ட தெற்கு ஓரத்திலும் இலங்கையின் வறண்ட வடமேற்கிலும் மட்டும் இருக்கிற சொந்த மரம். ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, அந்தப் பக்கம் மன்னார். மன்னாரிலும் தமிழர் அதை உடை என்றுதான் சொல்கிறார்கள். கடல் நடுவில் வந்தும் பெயர் மாறவில்லை.

நல்ல மண்ணில் வளர்ந்தால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு போகும். தேரியில் ஆடு கடித்து, மனுஷன் வெட்டி, காற்று அடித்து, பெரும்பாலும் புதராகத்தான் நிற்கும். இலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது. ஒரு முழு கூட்டிலையே விரல் நுனி அளவுதான், அதற்குள் கடுகுக் கணக்கில் சிற்றிலைகள். தண்ணீர் ஆவியாகப் போவதைத் தடுக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. பூ வெள்ளை, அல்லது வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் தெளித்த மாதிரி. சின்னச் சின்ன உருண்டை, பொம்மைச் சட்டைக்குத் தைக்கிற பஞ்சு பட்டன் மாதிரி. லேசான வாசனை உண்டு. பூவில் நாம் பார்க்கிற நூல் நூலான பகுதி இதழ் இல்லை, மகரந்தத் தாள்கள். ஒரு உருண்டை ஒரு பூ இல்லை, பல பூக்கள் சேர்ந்த கொத்து. காய்தான் வேடிக்கை: உருட்டின முறுக்கு மாதிரி வளைந்து சுருண்டு தொங்கும். அதைக் குலுக்கி உதிர்த்தால் ஆடு சண்டை போட்டுக்கொண்டு தின்னும். ஆட்டுக்காரர் தோளில் இருக்கிற தொரட்டி பாதி இதற்காகத்தான்.

அப்புறம் முள். இந்த மரத்துக்கு இரண்டு வகை முள். ஒன்று நீளமாக, நேராக, தந்தம் மாதிரி வெளுத்து, இரண்டிரண்டாக நிற்கும். இன்னொன்று குட்டையாக, கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நீள முள் குத்தும், குட்டை முள் பிடித்துக்கொள்ளும். ஒன்று போலீஸ், ஒன்று வக்கீல் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார். சின்ன வயசில் செருப்பில்லாமல் தேரியில் ஓடினவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். காலில் ஏறிய முள்ளை இன்னொரு உடை முள்ளாலேயே கீறி எடுத்து, எருக்கம்பால் வைத்துவிட்டு மறுபடி ஓடியிருக்கிறோம்.

இந்த வெள்ளை முள்ளுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. புறநானூற்றில் 324-வது பாட்டு, ஆலத்தூர் கிழார் பாடியது. ஒரு வறண்ட சிற்றூர். வேட்டுவர் வீட்டுப் பையன்கள். வாயில் பறவைக்கறி வாசனை, கண்ணில் பூனைப் பார்வை. அவர்கள் சின்ன இலையுள்ள உடை மரத்தின் வெள்ளை முள்ளை எடுக்கிறார்கள். அந்த முள்ளில் துளை இருக்கிறது. ஊகம்புல்லின் மெல்லிய தண்டை அந்தத் துளைக்குள் செருகி அம்பு செய்கிறார்கள். வளாரை வளைத்து வில். பருத்திக்கொல்லை வேலியோரம் எலிக்குக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. பாட்டு உண்மையில் அந்த ஊர்த் தலைவனின் பெருமையைச் சொல்ல வந்தது, ஆனால் எனக்கு அந்தப் பையன்கள்தான் மனசில் நிற்கிறார்கள். கவனிங்க: புலவர் மரத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இலை சிறிது, முள் வெள்ளை, உள்ளே துளை என்று மூன்று அடையாளம் தருகிறார். ஒரு தாவரவியல் மாணவர் களக்குறிப்பில் எழுதுகிற மாதிரி.

அதே நேரம், அந்த உடையும் இந்தக் குடைவேலும் ஒரே இனம்தான் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. வெள்ளை முள்ளும் சிறு இலையும் உள்ள வேல மரங்கள் தமிழ்நாட்டில் வேறும் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சொல்லை இன்றைய ஒரு லத்தீன் பெயரோடு ஆணி அடித்து மாட்டுவது ஆபத்து. ஆனால் சொல் அதே சொல், இடம் அதே மாதிரி வறண்ட இடம், பையன்கள் செய்கிற வேலையும் அதே வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் உடை என்ற சொல்லுக்குக் குடைவேலைத்தான் பொருளாகத் தருகிறது. சங்க காலத்துச் செடிப்பெயர்களில் எத்தனையோ இன்றைக்கு அகராதியில் மட்டும் இருக்கின்றன. இது ஆட்டுக்காரர் வாயில் இருக்கிறது, அல்லது போன தலைமுறை வரைக்கும் இருந்தது. அந்த "இருந்தது"க்குப் பின்னால் வருகிறேன்.

இலக்கணத்தில் ஒரு சின்ன சுற்று. தொல்காப்பியத்தில் மரப்பெயர்கள் எப்படிச் சேரும் என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. வேல், ஆல், பூல் மூன்றுக்கும் நடுவில் "அம்" வரும் என்கிறார். அதனால் வேலங்காடு, ஆலங்காடு. பனை மாதிரி ஐகாரத்தில் முடிகிற சிலதுக்கு ஐ போய் அம் வரும், பனங்காடு. உடை அந்தச் சூத்திரத்தில் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எவரும் உடைக்காடு என்று சொல்லிக் கேட்டதில்லை. உடங்காடு. பனையைப் பார்த்து உடையும் கற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தில் இருக்கிற உடன்குடி என்ற ஊர்ப்பெயரே உடங்காட்டிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஊர்ப்பெயர் விளக்கங்களை நான் எப்போதும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவேன், இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உடங்காட்டை வெட்டிக் குடியேறின ஊர்கள் அந்த வட்டாரத்தில் நிறைய என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

சரி, இப்போது கும்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

ராபர்ட் வைட் என்று ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர், 1796-ல் பிறந்தவர். 1819-ல் உதவி சர்ஜனாக மதராஸுக்கு வந்தார். மருத்துவம் சம்பளத்துக்கு, செடிகொடி ஆசைக்கு. 1826-ல் மதராஸ் அரசாங்கத்தின் இயற்கை ஆய்வாளர் என்ற பதவி கிடைத்தது. இரண்டே வருஷத்தில் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி கவர்னர் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். மனுஷன் மறுபடி பட்டாளத்து டாக்டர். 1831-ல் மூன்று வருஷ லீவில் ஊருக்குப் போகும்போது அவர் எடுத்துப் போனது உலர்த்திய செடிகள், லட்சம் அளவுக்கு. அங்கே ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் என்ற நண்பரோடு உட்கார்ந்து தென்னிந்தியத் தாவரங்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதன் முதல் தொகுதி 1834-ல் வந்தது. சுருக்கமாக புரோட்ரோமஸ் என்பார்கள். நம் உடைக்கு லத்தீன் பெயர் கிடைத்தது அதில்தான்: அகேசியா பிளானிஃப்ரான்ஸ். அகேசியா குடும்பப் பெயர், பிளானிஃப்ரான்ஸ் என்றால் தட்டையான தழை உடையது. குடைவேல் என்று நம் ஆட்கள் சொன்னதையே அவர் லத்தீனில் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. புத்தகம் அச்சான அதே 1834-ல் வைட் இந்தியாவுக்குத் திரும்பினார். படைப்பிரிவோடு அவர் நடந்து வந்து சேர்ந்த இடம் எது? பாளையங்கோட்டை. ஸ்காட்லாந்துக் குளிரில், அழுத்தி உலர்த்திய கிளையை வைத்துப் பெயர் கொடுத்த மரம் உயிரோடு நிற்கிற சீமைக்கே வேலைக்கு வந்துவிட்டார். அங்கேயிருந்து குற்றாலம் போனார், பழனி மலைக்குப் போனார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். வைட் தானே கல்லச்சு கற்றுக்கொண்டு மதராஸிலேயே அந்தப் படங்களை அச்சடித்தார். ஐகோன்ஸ் என்ற அவருடைய படநூல் 1838-லிருந்து 1853 வரைக்கும் ஆறு தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு வந்தது. படங்களில் ஓவியர் பெயரையும் போட்டார், அந்தக் காலத்தில் எல்லாத் துரைகளும் செய்யாத காரியம். செடியைப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்த, ஊரில் அதற்கு என்ன பெயர் என்று சொல்லிக்கொடுத்த ஆட்களின் பெயர்தான் எங்கேயும் இல்லை.

அந்த 1834 புத்தகத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. உடைக்கு நாலைந்து பக்கம் முன்னால், வைட்டும் ஆர்னாட்டும் புதிதாக ஒரு பேரினத்தை உருவாக்கினார்கள். வசெல்லியா. மக்காவில் கும்பெனிக்குப் பாதிரியாராக இருந்து, சீனாவில் செடி சேகரித்த ஜார்ஜ் ஹார்வி வசெல் என்பவரின் பெயர். அதில் அவர்கள் வைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த கஸ்தூரி வேலை. பிறகு வந்தவர்கள் "இதெல்லாம் தனிப் பேரினமா, அகேசியாவோடு சேருங்கப்பா" என்று தள்ளிவிட்டார்கள். வசெல்லியா என்ற பெயர் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது.

இப்போது வம்புக்கு வருகிறோம். அகேசியா என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். முள் என்ற பொருளில் வேர். எகிப்தில் இருந்த முள்மரத்துக்கு, அதாவது நம் கருவேலத்துக்கு, வைத்த பெயர் அது. 1754-ல் பிலிப் மில்லர் அதை அறிவியல் பெயராக்கினார். அதற்குப் பிறகு உருண்டைப் பூ, நூல் நூலான மகரந்தம் என்று எது கிடைத்தாலும் அகேசியாவில் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் சுமார் ஆயிரம் இனம். அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் அதன் வளாரைப் பின்னி மண் பூசிச் சுவர் வைத்தார்கள். பின்னல் தட்டிக்கு அவர்கள் மொழியில் வாட்டில் என்று பெயர், அதுவே மரத்துக்கும் பெயரானது. நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டு, இன்றைக்கு சோலையையும் புல்வெளியையும் தின்றுகொண்டிருக்கிற வாட்டில் அந்தக் கூட்டம்தான்.

மரபணுவைப் பார்க்கிற காலம் வந்ததும் குட்டு உடைந்தது. ஆஸ்திரேலியக் கூட்டமும் நம் ஊர், ஆப்பிரிக்க முள் கூட்டமும் ஒரே பேரினமாக இருக்க முடியாது, பிரிக்க வேண்டும். பிரித்தால் அகேசியா என்ற பெயர் யாருக்கு? விதிப்படி கருவேலம் இருக்கிற பக்கத்துக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரின் மூலச் செடியே அதுதான். ஆஸ்திரேலியர்கள் விடுவார்களா? "எங்களிடம் ஆயிரம் இனம் இருக்கிறது, இத்தனை பெயரையும் மாற்றினால் குழப்பம்" என்றார்கள். 2005-ல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் பெயரைக் கொடுப்பதை எதிர்த்து 54.9 சதவீத வாக்கு. ஆனால் குழுவின் பரிந்துரையை மறுக்க 60 சதவீதம் வேண்டும் என்று நடைமுறை. அதனால் அதிகம் பேர் வேண்டாம் என்று சொன்னது நிறைவேறியது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் நினைவுக்கு வந்தால் என் தப்பில்லை. 2011-ல் மெல்போர்ன் மாநாட்டில், ஆமாம், ஆஸ்திரேலியாவிலேயே, அதை உறுதி செய்துவிட்டார்கள். முள் என்று பொருள்படும் பெயர் பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குப் போனது.

பெயர் இழந்த மரங்களுக்கு என்ன பெயர்? பரணில் கிடந்த வசெல்லியாவை எடுத்துத் தூசி தட்டினார்கள். கருவேலம், வெள்வேலம் எல்லாம் வசெல்லியா ஆயின. நம் உடை 2014-ல் மாறியது. அந்த மாற்றத்தை முறைப்படி வெளியிட்ட நால்வரில் ஒருவர் ரகுபதி. ஆக, வைட்டும் ஆர்னாட்டும் 1834-ல் ஒரே புத்தகத்தில் நாலு பக்க இடைவெளியில் தனித்தனியாக வைத்த இரண்டு பெயர்கள், சரியாக 180 வருஷம் கழித்து ஒன்று சேர்ந்தன. வசெல்லியா பிளானிஃப்ரான்ஸ். ஒரு ஆட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அதனால காய்ப்பு கூடுமா அண்ணாச்சி?" என்றார்.

காய்ப்பைக் கூட்டாத பெயர்கள் சில சமயம் காட்டைக் காப்பாற்றும். 1936-ல் சாம்பியன் என்ற வன அதிகாரி இந்தியக் காடுகளை வகைப்படுத்தினார். 1968-ல் சேத் என்பவரோடு சேர்ந்து திருத்திய பதிப்பு வந்தது. வனத்துறை இன்றைக்கும் பயன்படுத்துகிற பட்டியல் அதுதான். அதில் "கர்நாடகக் குடைமுள் காடு" என்று தனியாக ஒரு வகை. கர்நாடகம் என்றால் இங்கே பெங்களூர் இல்லை, பழைய ஆற்காட்டு நவாப் சீமையான தமிழகச் சமவெளி. ஒரு காட்டு வகைக்கே தன் பெயரைக் கொடுத்த மரம் உடை. தூத்துக்குடிக்குப் போகிற வழியில் வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் இருக்கிறதே, 1987-ல் அறிவித்தது, அங்கே மான் நிற்கிற நிழல் பெரும்பாலும் இந்தக் குடையின் நிழல்தான்.

ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் காடு என்ற சொல்லுக்கு வேறு பொருள். வெள்ளைக்காரன் கணக்கில் வரி வராத நிலம் வீண் நிலம். தேரியும் உடங்காடும் அந்தக் கணக்கில் தரிசு, புறம்போக்கு. அந்தத் "தரிசு" என்னென்ன கொடுத்தது என்று பாருங்கள். விளைக்கு வேலி கொடுத்தது. உடைமுள்ளை வெட்டிக் கவைக்கம்பால் தூக்கி வைத்து அடைத்தால் ஆடு மாடு நுழையாது. அடுப்புக்கு விறகு கொடுத்தது. கலப்பைக்குச் சிறு சாமான் கொடுத்தது. கோடையில் புல் காய்ந்த பிறகு ஆட்டுக்குக் காயும் தழையும் கொடுத்தது. பயறு வகைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுக்குள் பாக்டீரியா உட்கார்ந்து காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு இறக்கிக் கொடுத்தது. ஓடுகிற மணலைப் பிடித்து நிறுத்தியது. இதற்கெல்லாம் பில் போட ஆள் இல்லாததால் அது வீண் நிலம்.

அப்புறம் வந்தான் சீமைக் கருவேலம். இதைக் காமராஜர் கொண்டுவந்தார் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். இல்லைங்க. காமராஜர் பிறந்தது 1903. இந்த மரத்தின் விதை ஜமைக்காவிலிருந்து வந்து, கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது 1877-ல். கேட்டு வரவழைத்தவர் பெடோம் என்ற மதராஸ் மாகாண வன அதிகாரி. அவரும் பெரிய தாவரவியல்காரர்தான், வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். வேலைக்கு வந்தவன் வீட்டை எழுதி வாங்கின கதையாகிவிட்டது. அதன் நெற்று இனிப்பு. மாடும் ஆடும் தின்று போகிற வழியெல்லாம் சாணத்தோடு விதைக்கும். வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கண்மாய், தருவை, ஓடை, தரிசு என்று ஒன்று விடாமல் பிடித்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்குச் சோறும் போடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிலத்தைப் பிடித்ததோடு நிற்கவில்லை, பெயரையும் பிடித்தது. புதுசாக வந்த மரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? பார்க்க முள்ளாக இருக்கிறது, வேலிக்கும் விறகுக்கும் ஆகிறது, உடை மாதிரி இருக்கிறது. சீமை உடை என்றார்கள். கொஞ்ச காலத்தில் சீமை உதிர்ந்துவிட்டது. இன்றைக்கு ஒரு இருபது வயசுப் பையனிடம் போய் உடைமரம் எது என்று கேளுங்கள், சீமைக் கருவேலத்தைக் காட்டுவான். பழைய உடையைக் காட்டிக் கேட்டால் "அது ஏதோ காட்டு முள்ளு" என்பான். புறநானூற்றுப் பையன்கள் அம்பு செய்த மரத்துக்கு இப்போது ஊரில் பெயர் இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வைகோ உள்ளிட்டோர் போட்ட வழக்கில், தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டது. ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்ட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஜேசிபி ஓட்டுகிறவருக்கு உத்தரவு எந்த மொழியில் போகிறது? லத்தீனில் இல்லை. "அந்த உடையெல்லாம் தோண்டிப் போட்டுருங்க" என்றுதான் போகும். தோண்டச் சொல்கிற மரத்துக்கும் காப்பாற்ற வேண்டிய மரத்துக்கும் ஒரே பெயர் இருந்தால், எது மிஞ்சும்? சீமைக்காரன் மறுபடி துளிர்ப்பான். நம் ஆள் அவ்வளவு வேகமாக வளர மாட்டான்.

நிலத்துக்கும் இப்போது கிராக்கி. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். சாத்தான்குளம், திருச்செந்தூர் தாலுகாக்களில் 2000 ஏக்கருக்கு மேல் நிலம் அதற்காக எடுக்கப்பட்டது. உடன்குடியில் அனல்மின் நிலையம். வேலை வரும், ரோடு வரும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கெல்லாம் மதிப்பீட்டுப் படிவத்தில் "முட்புதர்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்களோ, அங்கெல்லாம் எந்த முள் என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

அதற்கு அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா. ரொம்ப சுலபம். பூ உருண்டையாக இருக்கிறதா, நீளமாக வால் மாதிரி தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வால் மாதிரி, பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் சீமைக் கருவேலம். உருண்டை, ஆனால் பளிச்சென்ற மஞ்சள், காய் மணி கோத்த மாலை மாதிரி இருந்தால் நாட்டுக் கருவேலம். உருண்டை, வெள்ளை, காய் முறுக்கு மாதிரி சுருண்டிருந்தால் உடை. பூவும் காயும் இல்லாத காலமா? முள்ளைப் பாருங்கள். நீள வெள்ளை முள்ளும் குட்டைக் கொக்கி முள்ளும் ஒரே கிளையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையைக் கையில் வையுங்கள். சீமைக் கருவேலத்தின் சிற்றிலையை விரலால் தனியாகப் பிடிக்கலாம், உடையின் சிற்றிலையைப் பிடிக்க முடியாது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: விதைத் தோல் கடினம், அப்படியே போட்டால் முளைக்க அடம்பிடிக்கும். வெந்நீரை ஊற்றி, ஆற விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைக்கலாம். இல்லை என்றால் பழைய முறை இருக்கிறது, ஆடு தின்று போட்ட விதை. கிடை போட்ட இடத்தில் மழைக்கு முளைத்திருக்கும் கன்றுகளைப் பார்த்து எடுக்கலாம். பாலித்தீன் பையில் ரொம்ப நாள் வைக்காதீர்கள், ஆணிவேர் சீக்கிரம் கீழே போகிற ஜாதி. ஐப்பசி மழைக்கு முன்னால் குழியில் இறக்கிவிட்டால், முதல் வருஷம் ஆட்டிடமிருந்து மட்டும் காப்பாற்றினால் போதும். அதற்கு வேலி அடைக்க முள் வேண்டும் என்றால், சீமைக் கருவேலத்தை வெட்டுங்கள். அதற்காவது அது ஆகட்டும்.

அடுத்த எபிசோடில் தேரிக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவோம். 1883-ல் புரூஸ் ஃபுட் எழுதிய மண்ணியல் குறிப்பிலிருந்து, 1956-ல் சாய்னரும் ஆல்சினும் வெளியிட்ட நுண்கற்கருவிகள் வரை. இந்தச் சிவப்பு மணலுக்குள் கிடந்த அந்தச் சின்னஞ்சிறு கல் முனைகளை எதில் செருகி எய்தார்கள் என்று பார்க்கலாம்.